சுட்ட தோட்டாவும் சுடாத கேப்பும்

போன தீபாவளிக்குப் பேரன் வந்திருந்தான். அவன் கையில் ஒரு பொம்மைத் துப்பாக்கி. சுருள் கேப் போட்டு வெடிப்பது. நாலு வெடி வெடித்ததும் சுருள் உள்ளே சிக்கிக்கொண்டது. என் மனைவியின் ஊக்கை வாங்கி அதைக் குத்தி எடுக்கப் போனான். நான் சத்தம் போட்டுவிட்டேன். சாதாரணமாக நான் குழந்தைகளிடம் சத்தம் போடுகிறவன் இல்லை. பையன் மிரண்டு போனான். "பொட்டு வெடிக்கு ஏன் தாத்தா இவ்வளவு கோபம்?" என்று மருமகள்தான் பிறகு கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். துப்பாக்கி வரலாறும் உண்டு, வீட்டு வரலாறும் உண்டு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடைய படிப்பு புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். தோட்டாவின் அடியில் பதித்திருக்கும் சின்ன உலோகக் கிண்ணத்தை நாம் கேப் என்கிறோம். பிரெஞ்சில் அதன் பெயர் 'அமொர்ஸ்'. அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் தூண்டில் இரை. அடிபம்பு தண்ணீர் பிடிக்காவிட்டால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம் அல்லவா, அதற்கும் அங்கே இதே சொல்தான். பெரிய காரியத்தைத் தொடங்கி வைக்கும் சின்னப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நீக்குவது 'தெஸமொர்சே'. இன்றைக்குப் பாரீஸ் பத்திரிகைகளில் ஒரு சண்டையோ வேலைநிறுத்தமோ முற்றாமல் தணித்தார்கள் என்று எழுதவும் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே என் தாய்மாமாவின் வலது கண் நினைவுக்கு வரும்.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வேலூரிலிருந்தே தொடங்கலாம்.

1806 ஜூலை 10. கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த நாள். மக்கான் அருகே நினைவுத்தூண் நிற்கிறது. இருநூறாவது ஆண்டில் தபால்தலையும் வெளியிட்டார்கள். புதிய தலைப்பாகை, அதில் தோலால் ஆன குஞ்சம், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள் என்று காரணங்களைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த துப்பாக்கியைப் பற்றி. இரு தரப்பிலும் சக்கிமுக்கித் துப்பாக்கிதான். காகிதத்தில் மருந்தும் ஈயக் குண்டும் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைப் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணத்தில் கொட்டி மூட வேண்டும். மீதியைக் குழலின் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கழியால் இடித்து இறக்க வேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும், பொறி கிண்ணத்து மருந்தில் விழும், அந்த நெருப்பு பற்றுவாய் என்னும் ஊசித் துளை வழியாகக் குழலுக்குள் போய்ப் பெரிய மருந்தைப் பிடிக்கும்.

இதில் எத்தனை இடத்தில் தடங்கல் வரலாம் என்று பாருங்கள். மழை பெய்தால் கிண்ணத்து மருந்து நனையும். கல் தேய்ந்தால் பொறி வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுடச்சுட அந்தப் பற்றுவாயில் கரி அடைத்துக்கொள்ளும். கிண்ணத்தில் பளிச்சென்று எரியும், குழல் வெடிக்காது. அதனால் ஒவ்வொரு சிப்பாயின் தோள் வாரிலும் ஒரு கம்பி ஊசியும் ஒரு சின்னத் தூரிகையும் தொங்கும். சண்டை நடுவிலும் ஊசியால் துளையைக் குத்திவிட்டுத்தான் அடுத்த வெடி. எரிந்து முடிந்த பழையதை எடுத்தால்தான் புதியது எரியும். இந்த வேலை துப்பாக்கியோடு பிறந்தது. வடிவம் மட்டும்தான் பின்னால் மாறியது.

அன்று மதில்மேல் ஒதுங்கி உயிர் தப்பிய 69ஆவது ரெஜிமெண்டு வெள்ளைக்காரர்களிடம் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் குதிரையில் விரைந்து வந்த கர்னல் கில்லெஸ்பி அவர்களோடு மதில்மேல் சேர்ந்துகொண்டார். மீதிப் படையும் பீரங்கியும் வந்து வாசலை உடைக்கும்வரை வெறும் ஈட்டிமுனையால்தான் சமாளித்தார்கள். தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் கழி என்பதை அந்தக் காலை இரு தரப்புக்கும் காட்டியது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1807இல், ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியார் ஒரு காப்புரிமை வாங்கினார். அவர் வாத்து சுடுகிறவர். கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிவதைப் பார்த்துவிட்டு, குண்டு போய்ச் சேர்வதற்குள் வாத்துகள் பறந்துவிடுகின்றன என்பது அவர் கவலை. பாதரசத்திலிருந்து செய்யும் ஒருவகை உப்பு, லேசாகத் தட்டினாலே வெடிக்கும் என்பது அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் தெரிய வந்திருந்தது. கல்லும் பொறியும் வேண்டாம், இதை வைத்துத் தட்டினால் போதும் என்று கண்டுபிடித்தார். கொஞ்ச நாளில் அந்த மருந்தைச் சின்னச் செப்புத் தொப்பிக்குள் வைத்து அடைத்தார்கள். அதுதான் கேப். தொப்பி என்பதால் கேப். நம் ஜவ்வாது மலையில் நேற்றுவரை இருந்த நாட்டுத் துப்பாக்கியும், நரிக்குறவர்கள் தோளில் போட்டுக்கொண்டு நம் ரயில் நிலையங்களில் நடந்த துப்பாக்கியும் இந்த வகைதான். இதிலே கேப் வெளியே உட்காரும். சுட்டதும் விரலால் தட்டினால் விழுந்துவிடும். எடுப்பதில் சிரமமே இல்லை.

சிரமம் தொடங்கியது கேப்பைக் கொண்டுபோய்த் தோட்டாவின் அடியிலேயே பதித்த பிறகு. மருந்து, குண்டு, கேப் மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கி, குழலின் பின்பக்கமாகப் போடலாம் என்று 1812லேயே பாரீஸில் பௌலி என்ற சுவிஸ்காரர் செய்து காட்டினார். நெப்போலியன் காலம். அது அப்போது எடுபடவில்லை. லெஃபோஷே, பொத்தே என்று வரிசையாகப் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் செப்பனிட்டார்கள். கேப் செய்வதில் பெயர் போன பாரீஸ் கம்பெனி ஜெவெலோ. நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பது போல ரஷ்ய வேட்டைக்காரர்கள் ஒருவகைக் கேப்பையே 'ஜெவெலோ' என்று சொல்கிறார்கள்.

1866ஆம் ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேப்பைப் பதித்தார்கள். ஒருவர் எட்வர்ட் பாக்ஸர், இங்கிலாந்தில் வுல்விச் ஆயுதசாலை அதிகாரி. இன்னொருவர் ஹிராம் பெர்டன், அமெரிக்கக் கர்னல்.

கேப் வெடிக்க வேண்டுமானால் அதிலுள்ள மருந்து இரண்டு உலோகத்துக்கு நடுவே நசுங்க வேண்டும். வெளியிலிருந்து ஊசி அடிக்கும். உள்ளே ஏதாவது தாங்க வேண்டும், பட்டறைக் கல் போல. பாக்ஸர் அந்தச் சின்னப் பட்டறைக் கல்லைக் கேப்புக்குள்ளேயே வைத்தார். கூட்டின் அடியில் நட்ட நடுவே ஒரே துளை. சுட்ட பிறகு, கூட்டின் வாய் வழியாக ஒரு கம்பியை விட்டு அந்தத் துளையில் நுழைத்துத் தட்டினால் பழைய கேப் பின்பக்கமாக விழுந்துவிடும். பெர்டனோ பட்டறைக் கல்லைக் கூட்டின் அடியிலேயே ஒரு முளை போல வார்த்துவிட்டார். அதனால் நடுவில் துளை வர முடியாது. முளையின் இரு பக்கமும் ஊசி நுழையாத இரண்டு சின்னத் துளைகள். உள்ளே இருந்து எந்தக் கம்பியாலும் பழைய கேப்பைத் தள்ள முடியாது. வெளியே இருந்து கேப்பைக் குத்தி நெம்பித்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டில் தண்ணீர் நிரப்பி, வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஒரு கட்டையைச் செருகி ஒரு அடி அடிக்க வேண்டும். தண்ணீர் அழுங்காது, இரண்டு துளை வழியாகவும் பாய்ந்து கேப்பை வெளியே தள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ்காரரின் முறையை அமெரிக்காவும், அமெரிக்கரின் முறையை ஐரோப்பாவும் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் இன்றும் லட்சக்கணக்கானோர் வீட்டிலேயே காலிக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிறார்கள். அங்கே ஒரே துளை. இங்கிலாந்தின் ராணுவத் தோட்டாக்கள் இரண்டு துளைக்குப் போயின. 1869இல் பூனா பக்கம் கிர்க்கியில் தோட்டாத் தொழிற்சாலை வந்தது. நம் நீலகிரியில் அருவங்காட்டில் 1903இல் கார்டைட் தொழிற்சாலை வந்தது. பழைய ·303 தோட்டாவின் கூட்டுக்குள் வெல்லப்பாகு நூல் போலக் கட்டாக இருக்குமே, அந்த மருந்து. கிர்க்கியின் ·303 கூடும் இரண்டு துளைதான். போதாததற்கு ராணுவத் தோட்டாவில் கேப் அதிர்ந்து விழாமல் இருக்க அதன் விளிம்பைச் சுற்றிக் குத்தி இறுக்கியிருப்பார்கள். சுட்ட கூட்டை மறுபடி பயன்படுத்துவது என்பது அந்த ஏற்பாட்டில் கணக்கிலேயே இல்லை.

1857க்குப் பிறகு வெள்ளைக்கார அரசு ஆயுத விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருந்தது. வெள்ளைப் பட்டாளம் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி தூக்கியபோது இந்தியப் பட்டாளத்துக்கு அதற்கு முந்தைய ஸ்னைடர். போலீசுக்கு ·410 மஸ்கட். எழுபது தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள், ·303 துப்பாக்கி போலவே இருக்கும். ஆனால் உள்ளே வழவழப்பான குழல், அதற்கென்று தனித் தோட்டா, ஒவ்வொன்றாகத்தான் போட முடியும்.  1878இல் ஆயுதச் சட்டம். நான் கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது கையாண்டது அதற்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர் 1. அதில் வெடிமருந்து என்பதற்கு உள்ள விளக்கத்தைப் படித்தால் முழுத் தோட்டா மட்டுமல்ல, அதன் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும் அடக்கம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும்: சுடும் பயிற்சி முடிந்ததும் அத்தனை பேரும் மண்டியிட்டுப் புல்லில் காலிக் கூடு தேடுவோம். கணக்கு நேராகும்வரை லாரி கிளம்பாது. காலிக் கூட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அலுத்துக்கொண்டதில்லை. எனக்கு அதற்கு முன்பே பாடம் ஆகியிருந்தது.

இனி மாமாவுக்கு வருகிறேன்.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்தவர். 1954இல் அங்கே போர் முடிந்து, அடுத்த ஆண்டு ஓய்வூதியத்தோடு புதுச்சேரி திரும்பினார். அதற்குள் இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியிருந்தது. அவர் கொண்டுவந்த செல்வம் இரண்டே: ஒரு கிராமபோன், செந்த்-எத்தியேனில் செய்த ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி. அந்த ஊர்க் கம்பெனியின் தடிமனான விலைப் புத்தகம் எங்கள் வீட்டில் இருந்தது. சைக்கிளிலிருந்து தையல் மிஷின்வரை எல்லாம் படத்தோடு இருக்கும். வேட்டைச் சாமான் பக்கங்களில் காலிக் கூட்டை மறுபடி நிரப்பும் கருவிகள் வரிசையாக இருக்கும். 'தெஸமொர்சே' என்ற சொல்லை நான் பள்ளியில் படிக்கவில்லை, அந்தப் புத்தகத்தில்தான் படித்தேன்.

அவரிடம் பன்னிரண்டு போர் முழுப் பித்தளைக் கூடுகள் முப்பது இருந்தன. அட்டைக் கூடு நாலைந்து முறைக்கு மேல் தாங்காது. பித்தளை பல ஆண்டு உழைக்கும். ஊசுட்டேரியில் வாத்துக்குப் போய்விட்டு வந்த இரவே உட்கார்ந்துவிடுவார். பழைய கேப்பைத் தட்டி எடுப்பார். கூட்டைக் கொதிநீரில் போடுவார். புளித்தண்ணீரில் ஒரு கலக்கு, மறுபடி வெந்நீர், துணியில் பரப்பிக் காயவைப்பார். "எச்சில் பாத்திரத்தை அன்னைக்கே கழுவிடணும். காஞ்சுதுன்னா தேய்க்கிறவ கைதான் நோவும்" என்பார் அத்தையைப் பார்த்துச் சிரித்தபடி.

அந்தச் சொல்லில் முழு ரசாயனமும் இருந்தது என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. பழைய கேப் மருந்தில் இருந்த பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்க வைக்கும். குளோரேட் உப்பு எரிந்து மிஞ்சுவது நம் சமையல் உப்பின் அண்ணன் தம்பி. காற்றின் ஈரத்தை இழுத்து அரிக்கும். ·303 சுட்டதும் குழலில் கொதிநீர் ஊற்றுவார்களே, அது இந்த உப்பைக் கரைக்கத்தான். எண்ணெயில் உப்பு கரையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ராணுவம் தொலைதூர முகாம்களுக்குக் கூடு நிரப்பும் கருவிகளை அனுப்பியபோது, சுட்டதும் தாமதிக்காமல் கேப்பை எடுத்துக் கூட்டைக் கழுவச் சொன்னது. தாமதித்தால் கேப்பும் கூடும் களிம்பால் ஒட்டி ஒன்றாகிவிடும். அதன்பிறகு கம்பியால் தட்டினால் கேப்பின் நடு மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். விளிம்பு மோதிரம் போலக் குழியிலேயே தங்கிவிடும். அந்த மோதிரத்தை எடுக்கப் போனால் குழி கெடும். கூடு போயிற்று.

1961இல் மாமா ஆம்பூருக்கு வந்துவிட்டார். அத்தையின் பிறந்த ஊர். அத்தையின் அப்பா தோல் மண்டியில் கணக்குப் பார்த்தவர். மாமாவுக்கு ஒரு பதனிடும் கூடத்தில் மேற்பார்வை வேலை வாங்கிக் கொடுத்தார். வீடு மாற்றுகிற அவசரத்தில் கருவிப் பெட்டி எங்கோ போய்விட்டது. கடைசியாக ஊசுட்டேரியில் சுட்ட கூடுகளை, அன்று இரவே கழுவாமல், இடுப்புத் தோட்டா வாரில் செருகியபடியே கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். அந்த வார் ஆம்பூர்த் தோல்தான், மாமனார் சீதனம். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான தோல்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டைத் துவர்ப்பில் பதமான தோலில் புளிப்பு இருக்கும். பித்தளையை அதில் செருகி மாதக்கணக்கில் விட்டால் பச்சைக் களிம்பு மெழுகு போலப் பூத்துவிடும். வெளிநாட்டு வேட்டைக்காரர்களும் இதைப் பட்டறிந்தவர்கள்தான். தோட்டாவைத் தோல் வாரில் வைத்து அலமாரியில் பூட்டாதே என்பது எல்லா ஊரிலும் உள்ள எச்சரிக்கை. தோல் மண்டி ஈரத்துக்கு நடுவே அந்த வார் இரண்டு வருஷம் தொங்கியது.

1963 மே மாத விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆம்பூருக்குப் போயிருந்தேன். காடு பக்கத்து நிலக்கடலைக்குப் பன்றி வருகிறது என்று யாரோ மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது வேட்டைத் தடைச் சட்டம் வரவில்லை, அது 1972. புதுத் தோட்டா கிடைப்பது குறைவு, விலையும் அதிகம். மாமா வாரை இறக்கினார். கூடுகள் எல்லாம் பச்சை.

"தம்பி, இதையெல்லாம் பிரிச்சு வை. அடியில குழி விழுந்திருந்தா சுட்டது. குழி இல்லேன்னா சுடாதது. சுட்டதை இந்தப் பக்கம், சுடாததை அந்தப் பக்கம்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கூட்டில் குழி இருந்தது, ஆனால் ஆழம் இல்லை. நகத்தால் அழுத்தினது போல லேசான தடம். வாயில் அட்டையும் இல்லை, உள்ளே ரவையும் இல்லை. குழி என்றால் குழிதானே என்று சுட்ட பக்கம் வைத்தேன். அடியில் மட்டும் பார்த்தேன். உள்ளே கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

ஊசுட்டேரியில் அந்தத் தோட்டா வெடிக்காமல் போயிருக்கிறது. ஊசி லேசாகத்தான் விழுந்திருக்கிறது. மாமா அன்று அதன் ரவையையும் மருந்தையும் கொட்டிவிட்டு, கேப்பை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாரில் செருகியிருக்கிறார். இரண்டு வருஷத்தில் அவரே மறந்துவிட்டார்.

கருவி இல்லாததால் நீளமான ஆணி ஒன்றின் முனையைத் தட்டையாகத் தேய்த்து வைத்திருந்தார். இரண்டு செங்கலுக்கு நடுவே கூட்டை நிறுத்தி, வாய் வழியாக ஆணியை விட்டுச் சுத்தியால் தட்டினார். களிம்பேறியவை சுலபத்தில் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். ஆறேழு வந்தன, இரண்டில் மோதிரம் தங்கியது. கோபம் வந்துவிட்டது. அடுத்ததை எடுத்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஆணி நேராக நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே ஓங்கி அடித்தார்.

சத்தம் பெரிதில்லை. பொட்டு வெடி நாலைந்து சேர்ந்து வெடித்தது போலத்தான். ஆணி மேலே பறந்தது.

வேலூரில் கண் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார். மற்றக் கண்ணைக் காப்பாற்றினார்கள். வலது கண் போனது போனதுதான். துப்பாக்கியை அந்த வருஷமே விற்றுவிட்டார். தோல் கூடத்தில் தோலின் தரம் பார்க்கிற வேலையை இரண்டு கண்ணும் உள்ளவருக்குக் கொடுத்துவிட்டு, மாமாவுக்கு வாயிற்கதவுப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டார்கள். பட்டாளத்தில் ஆறு வருஷம் ஒரு கீறலும் படாமல் வந்தவர் என்று அத்தை போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி அழுவாள். அந்தக் கூட்டைச் சுட்ட பக்கம் வைத்தவன் நான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் சொல்லவில்லை. அந்த ஊரிலேயே பெண் எடுத்தேன், வடாற்காடு மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், சொல்லி வைத்தாற்போல உரிமப் பிரிவிலேயே உட்கார்ந்தேன். 1985 பொங்கலுக்கு மாமா வீட்டுத் திண்ணையில் தனியாக இருந்தபோது சொன்னேன். லேசான குழி, நான்தான் பார்த்தேன், நான்தான் அந்தப் பக்கம் வைத்தேன் என்று.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ நான் சொன்னபடிதானடா செஞ்சே. குழி இருந்தா சுட்டதுன்னு சொன்னது யாரு? நான். அன்னைக்கு ராத்திரி எடுத்துப் போட வேண்டியதை ரெண்டு வருஷம் மாட்டி வெச்சது யாரு? நான். இதை நீ இத்தனை வருஷம் மனசுல மாட்டி வெச்சிருந்தியே, அதுதான் தப்பு" என்றார். அத்தையைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மாமா 1991இல் காலமானார்.

அலுவலகத்தில் நான் தாமதிக்காத குமாஸ்தா என்று பெயர் வாங்கினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. மேசையில் கோப்பு தங்கினால் எனக்கு அந்தப் பச்சைக் களிம்பு ஞாபகம் வரும். மலைக்கிராமத்திலிருந்து உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களிடம், "சுட்டு வெடிக்காத கேப்பை என்ன செய்வீர்கள்?" என்று தவறாமல் கேட்பேன். கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. விரல் இழந்தவர் ஒருவர் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அத்தையும் போன பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு தகர டப்பா கிடைத்தது. மூடியில் ஜெவெலோ என்ற எழுத்து தேய்ந்து தெரிந்தது. உள்ளே பத்தொன்பது பித்தளைக் கூடுகள். அத்தை மகன் பழைய பாத்திரக்காரருக்குப் போடலாம் என்றான். நான் கூட்டை அசைக்கவும் இல்லை, எண்ணியதைத் தவிர எதையும் செய்யவும் இல்லை. சட்டத்தின் 21ஆவது பிரிவு, இனி வைத்திருக்க உரிமை இல்லாத ஆயுதத்தையும் வெடிமருந்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. நிலையத்துக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டு, கடிதம் எழுதி, அவர்கள் ஆளே வந்து டப்பாவை எடுத்துப்போகும்படி செய்தேன். வந்த சப்-இன்ஸ்பெக்டர் என் பேரன் வயதை விடக் கொஞ்சம் மூத்த பிள்ளை. "ஐயா, எல்லாத்துலயும் குழி இருக்கே, சுட்டதுதானே?" என்றார்.

"குழியை மட்டும் பார்க்காதீங்க தம்பி, உள்ளே கரியும் இருக்கணும். அதையும் நீங்க பார்க்க வேண்டாம், அந்த வேலை தெரிஞ்சவங்க பார்க்கட்டும்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். ரசீது என் பீரோவில் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பா, தாத்தா காலத்துத் தோட்டாவோ, கேப் டப்பாவோ, காலிக் கூடோ இருக்கலாம். நம் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. பழையது, நமுத்துப் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். தட்டாதீர்கள், சுரண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். அதையும் இந்த வாரமே செய்யுங்கள்.

பேரனுக்குப் பொம்மைத் துப்பாக்கியை நானே சரிசெய்து கொடுத்தேன். சுருளைத் தண்ணீரில் நனைத்துவிட்டு எடுத்தேன். ஊக்கு தேவைப்படவில்லை.